அடுத்த முறை எங்களுடையது

நகானோ மலைப்பாதையில் இருக்கும் கறிச்சோற்றுக் கடை வாசலில் பேரை எழுதிவிட்டு ஒன்றரை மணி நேரமாகக் காத்திருக்கிறோம். நாளைக்கு அம்மாவை முதியோர் இல்லத்தில் விடவேண்டும். போகுமுன் அவள் கேட்டது இந்தச் சோறு ஒன்றுதான். தினம் ஒரு பானைதான், தீர்ந்தால் கடை மூடிவிடும். மேப்பிள் இலைகளின் சிவப்பு வெளிச்சம் அவள் நரைமுடியில் விழுகிறது. "ஹிராபயாஷி, ரெண்டு பேர்!" என்று கடைக்கார மிசாவா அக்கா எங்கள் பேரைக் கூப்பிடுகிறாள். எழுந்த அம்மா, பின்னால் நிற்கும் டோக்கியோக்காரர்களிடம் இடுப்பு வளையக் குனிகிறாள். "தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, நீங்க முதல்ல போங்க." "ஐயோ, வேணாம்மா!" "பரவாயில்ல, நாங்க பக்கத்து ஊருதான்." அவர்கள் குனிகிறார்கள், இவள் இன்னும் குனிகிறாள், கடைசியில் அவர்கள்தான் உள்ளே போகிறார்கள். இது மூன்றாவது தடவை. முன்பு விட்டுக்கொடுத்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அத்தனை பேர் எதிரில் அவள் கையைப் பிடித்து இழுக்க எனக்கு வரவில்லை. நானும் கூடவே குனிந்து தொலைக்கிறேன். மிசாவா அக்கா வெளியே வந்து 'இன்று தீர்ந்தது' பலகையை மாட்டி, எங்களுக்கும் ஒருமுறை குனிகிறாள். ஆப்பிள் கரைந்த குழம்பின் மணம் கதவிடுக்கில் கசிகிறது. அம்மா அதை ஆழமாக இழுத்து, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். "அடுத்தது நாமதானேடா?"