டிஸ்க்கில் ஒரு மூலை

"கேட்டைத் திறந்து போட்டுட்டு வேலைக்குப் போனது இவர்தான் சார். வாசல் கேமராவுல பதிஞ்சிருக்கும். எடுத்துக் குடுங்க, இவர் மூஞ்சிக்கு நேரா போட்டுக் காட்டணும்!"

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை மேஜைமேல் ஹார்ட் டிஸ்க்கை வைத்தாள் அந்தப் பெண். புருஷன் பின்னால் ஆணி அடித்த மாதிரி நின்றான்.

போன மாதம், திறந்து கிடந்த கேட் வழியாக ரோட்டுக்கு ஓடிய அவர்கள் குழந்தை, லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. கடைக்காரர் டிஸ்க்கைக் கையில் எடுத்தார்.

"அந்த நாள் பதிவை மட்டும் யாரோ அழிச்சிருக்காங்க. திரும்ப வருமா சார்?"

"பயப்படாதீங்கம்மா. அழிச்சா டிஸ்க்கோட அட்டவணையில பேர் மட்டும்தான் போகும். லாட்ஜ் நோட்டுல பேரை அடிச்சிட்டா ஆள் மறைஞ்சிடுவானா? ரூம்லயேதான் படுத்திருப்பான். புது ஆள் வந்து அந்தக் கட்டில்ல படுத்தாத்தான் பழைய ஆள் காலி."

டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுல யாரு இவ்ளோ சினிமா ஏத்தினது? கழுத்து வரைக்கும் ரொம்பி வழியுதே! ஒரு ரூம்கூட காலியில்லை போலிருக்கேம்மா."

"நான்தான்" என்றான் புருஷன், தரையைப் பார்த்து.

"புள்ளையைப் புதைச்ச மண்ணு ஈரம்கூடக் காயல, உங்களுக்கு சினிமா கேக்குதா?" அவள் குரல் உடைந்தது. "அப்போ அழிச்சதும் நீங்கதானே! இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? கொலைகாரப் பாவி! இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன். எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

போயே விட்டாள். அவன் தடுக்கக்கூட இல்லை.

இப்படியும் ஒரு அப்பனா! கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய்யா, உன் டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், திரையைப் பார்த்து நிறுத்தினார்.

பெரிய பதிவெல்லாம் டிஸ்க்கில் ஒரே இடத்தில் உட்காராது. துண்டு துண்டாகி, கிடைத்த இடத்தில் போய் உட்காரும். அப்படி ஒரு துண்டு, சினிமா எட்டாத மூலையில் தப்பிப் பிழைத்திருந்தது.

ஓட்டிப் பார்த்தார்.

இவன் பைக்கை வெளியே எடுத்தான். இறங்கி வந்து கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். இழுத்தும் பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

அடுத்து அவள் வந்தாள். காதில் போன், கையில் குப்பைப் பை. கேட்டைத் திறந்து, குப்பையைப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே உள்ளே போனாள். கேட் அப்படியே திறந்து கிடந்தது.

"தம்பி! உங்க மேல தப்பே இல்லியே! ஓடுங்க, அவங்களைக் கூப்பிடுங்க, காட்டிடலாம்!"

அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"வேணாம்ணே. என்னைத் திட்டிக்கிட்டாவது அவ உயிரோட இருக்கட்டும். அந்த மூலையிலயும் ஒரு படத்தை ஏத்திடுங்க."