எழுபத்தைந்து பவுண்ட்

எடைமேடை எட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து என்று காட்டியது.

வரம்பு எட்டாயிரத்து ஐந்நூறு. எழுபத்தைந்து பவுண்ட் அதிகம்.

கர்ட் வெசெலி டிராக்டர் இருக்கையை விட்டு இறங்கவில்லை.

“உங்க தராசு தப்பு” என்றான்.

மடக்கு நாற்காலியில் இருந்த ஆர்லன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கவுண்டி சந்தையின் டிராக்டர் இழுவைப் போட்டியில் இருபது வருடமாக வண்டிகளை எடை நிறுத்து உள்ளே அனுப்புகிறவர் அவர்தான்.

“காலையிலேர்ந்து பதினாலு வண்டி ஏறி இறங்கியாச்சு தம்பி. ஒருத்தனும் குறை சொல்லல. முன்னாடி ஒரு கல்லக் கழட்டிடு. சரியாப் போயிடும்.”

முன்பக்கச் சட்டத்தில் எட்டு இரும்பு எடைக்கற்கள் தொங்கின. ஒவ்வொன்றும் நூறு பவுண்ட். போன வருடமும் அதே எட்டு, அதே வரிசை. இதே மேடையில் சொல்லிவைத்தாற்போல் எட்டாயிரத்து ஐந்நூறு. போகப் போகக் கனம் கூடும் சறுக்குவண்டியை முந்நூறு அடியும் இழுத்துவிட்டுத்தான் நின்றது இந்தப் பழைய சிவப்பு டிராக்டர்.

இப்போது ஒரு கல்லைக் கழற்ற வேண்டுமாம். கழற்றினால் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். புது டர்போவின் வேகத்துக்கு முன்சக்கரம் மண்ணில் படாது. கழற்றாவிட்டால் களத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

குளிர்காலம் முழுக்க அவன் கொட்டகையை விட்டு வெளியே வந்ததே குறைவு. கழற்றிய ஒவ்வொன்றையும் நிறுத்தான். மாட்டிய ஒவ்வொன்றையும் நிறுத்தான். டர்போ பழையதைவிடப் பதினொரு பவுண்ட் கூட. அதற்கு ஈடாகக் கருவிப்பெட்டியை எடுத்துவிட்டான். புது இன்ஜெக்டர்களைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தான். போல்ட், வாஷரைக்கூட விடவில்லை. தொட்டியில் டீசல் அதே கோடு வரைதான்.

பாடுபட்டவனைப் பார்த்துக் கள்ளன் என்று சொல்வதுபோல் இருந்தது அந்த எண்.

பின்னால் வரிசையில் நின்ற மிட்ச் கத்தினான். “நகருடா மாப்ள! நூறு பவுண்ட் குறைஞ்சா உன் வண்டி என்ன பறந்தா போயிடும்?”

“நீ வாய மூடு. போன வருஷம் பாதித் தூரத்துல டயரு சுத்திக் குழி வெட்டுனவன்தானே நீ.”

“அந்தக் குழியில இந்த வருஷம் சோளம் போட்டிருக்கேன். அறுப்புக்கு வா.”

வரிசை சிரித்தது. கர்ட் சிரிக்கவில்லை.

“போன வருஷத்துச் சீட்டை எடுங்க” என்றான் ஆர்லனிடம்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் எடைச்சீட்டு உண்டு. எல்லாம் அவர் காலடியில் இருந்த தகரப்பெட்டியில் இருந்தன. ஆர்லன் பெட்டியின் மேல் கையை வைத்தார். திறக்கவில்லை.

“அது எதுக்குத் தம்பி இப்போ? பழசு. நீ இறங்கு, நானே கல்லைப் பிடிச்சுக்கறேன்.”

“அதுல எட்டாயிரத்து ஐநூறுன்னு இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம்?”

ஆர்லன் அவன் முகத்தைப் பார்க்காமல் மேடையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிட்ச் தன் இன்ஜினை நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் நிறுத்தினான். சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று அவரவர் டயரில் வேலை வந்துவிட்டது.

ஆக, எல்லாரும் கூட்டு. கர்ட்டுக்குக் காது சுட்டது. போன வருடம் ஜெயித்த வண்டியை இந்த வருடம் களத்துக்கு வெளியிலேயே மடக்கிவிட ஊரே சேர்ந்துகொண்டது. சீட்டைக் காட்டக்கூட முகமில்லை இவருக்கு.

அவன் குதித்து இறங்கினான். ஆர்லனின் கையை விலக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தான். வெசெலி என்ற பெயருக்குக் கீழே இருந்த சீட்டை உருவினான்.

எட்டாயிரத்து ஐந்நூறு. எடைக்கற்கள் எட்டு. மொத்த எடை ஓட்டுபவரையும் சேர்த்து.

“பாருங்க!” என்று சீட்டைத் தூக்கிக் காட்டினான்.

யாரும் பார்க்கவில்லை.

அவனே இன்னொரு முறை பார்த்தான். ஓட்டுபவர் என்ற இடத்தில் பச்சை மையில் ஒரு கையெழுத்து.

ஜோலின் வெசெலி.

வண்டியைக் கட்டுவது அவன் வேலை. களத்தில் ஓட்டுவது எப்போதும் அவன் மனைவிதான்.

நவம்பரில் அவளுடைய சவப்பெட்டியைத் தூக்கிச் சென்ற ஆறு பேரில் நான்கு பேர் அந்த வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் பழைய சீட்டைக் கேட்ட உடனே அவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. ஆர்லனுக்கும்.

வாஷர் வரை நிறுத்தவன், இருக்கையில் ஏறி உட்காரப் போகிறவனை நிறுக்கவில்லை.

கர்ட் சீட்டைப் பெட்டியில் வைத்தான். இடம் தவறாமல் வைத்தான். பிறகு மிட்சைப் பார்த்து முன்பக்கத்தைக் காட்டினான். மிட்ச் ஸ்பானரோடு வந்து குனிந்தான்.

கர்ட்டின் எடை இருநூற்றுப் பத்து. அதில் எழுபத்தைந்து போனால் நூற்று முப்பத்தைந்து.

அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் எடை நூற்று இருபத்தைந்து என்று இருந்தது. கல்யாணமான ஆறு வருடமும் அவனிடமும் அதையேதான் சாதித்தாள்.

“பத்து பவுண்ட்” என்றான் கர்ட். கோபம் கொஞ்சமும் தணியவில்லை. “பத்து பவுண்ட் பொய் சொல்லியிருக்கா என்கிட்ட.”