நீல வெளிச்சம்

“அண்ணை, இது உங்கட காட் இல்லை. ஆரோ மாத்திப்போட்டாங்கள்.”

கிறிஸ்ரி அடித்துச் சொன்னார். பேஸ்போல் விளையாட்டுக்காரர்களின் பழைய பட அட்டைகளில் எங்கே வெட்டு, எங்கே ஒட்டு, எங்கே பூச்சு என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் ரொறன்ரோவில் அவருக்குத் தொழில். அவர் வாயால் ‘போலி’ என்று வந்துவிட்டால் அதற்கு அப்பீலே கிடையாது. திருநாளுக்கு ஊர்காவற்றுறைக்கு வந்த இடத்திலும் பூதக்கண்ணாடியும் நீல லைற்றும் சட்டைப் பையில்தான் இருந்தன.

அட்டைக்குச் சொந்தக்காரரான இராசநாயகத்தாரின் முகம் கறுத்தது.

“விசர்க்கதை கதையாதையும் கிறிஸ்ரி. ரெண்டாம் உலக யுத்த நேரம் அமெரிக்கக் கப்பலில வந்த விளையாட்டுக்காரன், காலித் துறைமுகத்தடியில எங்கட அப்புவின்ர கடையில வைச்சு, தன்ர படத்திலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. நேற்றுவரைக்கும் வீட்டில கூட ஒருத்தருக்கும் காட்டாமல் அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருந்தனான்.”

“அப்ப அந்தக் கையெழுத்து எங்கை?”

இராசநாயகத்தார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மட்டையைத் தோளில் சாய்த்தபடி விளையாட்டுக்காரன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் காலடியில் இருந்த கையெழுத்தை மட்டும் காணவில்லை.

“யன்னலைச் சாத்துங்கோ, காட்டுறன்.”

கிறிஸ்ரி லைற்றைத் தட்டினார். நீல வெளிச்சத்தில் அட்டை பளிச்சென்று மின்னியது.

“பாத்தியளே? அந்தக் காலத்துக் காகிதம் இந்த வெளிச்சத்துக்குச் செத்த மாதிரிக் கிடக்கும். வெள்ளையாக்கிற மருந்து போட்ட இப்பத்தையக் காகிதம்தான் இப்பிடி மின்னும்.” அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். “புளிச்ச மணமொண்டும் வருது. பழசாக்க ஏதோ மருந்து தடவியிருக்கிறாங்கள். மற்ற ஆக்களை ஏமாத்தலாம், என்னை ஏலாது. வெளி ஆக்கள் ஆரும் இதைக் கையில எடுத்தவையே?”

இராசநாயகத்தாரின் பார்வை எதிர்க் கதிரையில் இருந்த கீர்த்திகன் மேல் விழுந்தது. மகள் சிவரூபிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை அவன். ஆவணியில் கலியாணம். நேற்றுத்தான் ஃபோனில் படமெடுக்கவென்று அட்டையை வாங்கி முற்றத்துக்குக் கொண்டுபோயிருந்தான்.

“மாமா, சத்தியமா நான் மாத்தேல்லை. இஞ்ச பாருங்கோ, நான் எடுத்த படத்தில கையெழுத்து வடிவாத் தெரியுது.”

“அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன். உம்மட கைக்கு வரேக்க கையெழுத்து இருந்திருக்கு,” என்றார் கிறிஸ்ரி. பெடியன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான் என்று அவருக்கு உள்ளூர ஒரே சந்தோசப் புளுகம்.

கதவுக்குப் பின்னால் சிவரூபி விசும்புவது கேட்டது. இராசநாயகத்தார் எழுந்துவிட்டார்.

“கள்ளனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது. கலியாணம் நிண்டுபோச்செண்டு உம்மட அப்பாட்டைப் போய்ச் சொல்லும். எழும்பும்!”

கீர்த்திகன் கண்கலங்க எழுந்தான். அந்த நேரம் பார்த்து இராசநாயகத்தாரின் மனைவி சீதேவி குசினியிலிருந்து தட்டத்தோடு வந்தார்.

“என்ன இஞ்ச சத்தம்? வெக்கைக்கு முதல்ல எல்லாரும் தேசிக்காய்த் தண்ணி குடியுங்கோ.”

கிளாசை வாய்க்குக் கொண்டுபோன கிறிஸ்ரி அப்படியே நின்றார். அதே புளிச்ச மணம்.

மேசையில் கிடந்த அட்டையைக் கண்டதும் சீதேவியின் முகம் மலர்ந்தது.

“பாத்தியளே, எப்பிடிப் பளிச்செண்டு கிடக்கு! கனடாவில இருந்து ஆள் வாறார், அதை எடுத்துத் துப்பரவாக்கி வையும் எண்டு இவர் விடிய அலுமாரித் திறப்பைத் தந்தவர். வெள்ளை உடுப்பு மின்னப் போடுற சவர்க்காரத் தூள் கரைச்சுத் துடைச்சனான், ஊத்தையெல்லாம் உடன போட்டுது. காலடியில ஆரோ பேனையால கிறுக்கி வைச்சிருந்ததுதான் போகமாட்டனெண்டு நிண்டது. தேசிக்காய்ப் பாதி வெட்டித் தேய்ச்சாப் பிறகுதான் அதுவும் போச்சு!”