பதினொரு பவுண்

வாசல் மணி அடித்தபோது அவள் தாலிக்கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

பிறகு உள்ளே விட்டாள்.

மறுபடியும் வெளியே எடுத்தாள்.

வந்தது இரண்டு பேர். நகரசபையிலிருந்து ஒரு ஜெர்மன்காரி. மொழிபெயர்க்கச் சுபோதினி.

ஜெர்மன்காரி மட்டும் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. சுபோதினியை வெள்ளிக்கு வெள்ளி கோயிலில் காண வேண்டும். புருஷன் உள்ளறையில் உயிரோடு படுத்திருக்க, வெறுங்கழுத்தோடு அவள் முன்னால் எப்படி நிற்பது?

அவர் இருபத்தேழு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். முதலாளிகள் அரசாங்கத்தில் பதிந்தது ஒன்பது வருடம். ஓய்வூதியமும் அந்த ஒன்பதுக்குத்தான் வருகிறது. வாடகை போக, பத்து நாள் சமையலுக்குக் காணும்.

நோர்வேயிலிருந்து தங்கச்சி போனில் உச்சுக்கொட்டுவாள். "இஞ்சையெண்டா பதிஞ்சாங்களோ இல்லையோ, இருந்த வருசத்துக்குக் குடுப்பாங்கள், அக்கா."

இங்கே உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

ஜெர்மன்காரி சுவரைப் பார்த்தாள். கதிரைகளைப் பார்த்தாள். பிறகு அவள் கழுத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"உந்தக் கொடி பவுணோ எண்டு கேக்கிறா, அன்ரி. உதையும் சொத்தாத்தான் பாப்பினமாம்."

ஆமென்றால் உதவி போச்சு. இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

"முழங்கால் ஏலாமக் கிடக்கு, பிள்ளை. அடுப்பில தேத்தண்ணி இருக்கு. ஒருக்கா ஊத்திக்கொண்டு வாறீரே?"

சுபோதினி எழுந்து போனாள்.

அவள் தன் கொடியைக் கழற்றி ஜெர்மன்காரியின் உள்ளங்கையில் வைத்தாள். கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள். வியர்வை பட்ட இடத்தில் பச்சையாக ஒரு கோடு.

கவரிங். அசல் கொடி போன குளிர்காலத்து வாடகைக்குப் போய்விட்டது. விற்ற அன்று பஸ்ஸில் அழுதாள். அவருக்கு இன்னும் தெரியாது.

ஜெர்மன்காரி பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் ஒரு வரி எழுதினாள்.

குசினியில் கோப்பைகள் கிலுங்கின.

ஜெர்மன்காரி சட்டென்று எழுந்து கொடியை அவள் கழுத்தில் போட்டுவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இன்னொருவர் கையால் அவள் கழுத்தில் கொடி ஏறியது அன்றுதான்.

சுபோதினி தேநீரை வைத்தாள். "சொல்லுங்கோ அன்ரி. பவுண்தானே?"

"பின்னே? பதினொரு பவுண்."

சுபோதினி அதை அப்படியே ஜெர்மனில் சொன்னாள்.

ஜெர்மன்காரி கவனமாகக் கேட்டாள். பேனையை மூடிவிட்டுத் தேநீரை எடுத்தாள்.