மணி அடித்ததும்

லாயிடை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்டின் டவுனில், என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில்.

"கரண்ட் போனா கம்ப்யூட்டர்ல தேதி, மணி எல்லாம் தப்பாயிடுது."

"உள்ளே ஒரு ரூபாய்க் காசு மாதிரி பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சு. மாத்தணும்."

"நாளைக்குக் கொண்டு வர்றேன்."

வரவில்லை. அன்று இரவே மாரடைப்பு.

சில மாதம் கழித்து அவர் மனைவி மௌரீன் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"அண்ணா, சாயங்காலம் மாதா கோயில் மணி அடிச்சதும் அவர் கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகுது. அந்த நேரத்துக்குத்தான் அதுல உட்காருவார். 'பிரஷர் மாத்திரை போட்டியா?'ன்னு கேட்டுக்கிட்டே. அவர் போனப்புறம் மாத்திரையே தொடலை. இப்போ அது ஆன் ஆனா போட்டுக்கறேன். இது பழுதா, அவரா? உண்மையைச் சொல்லுங்க."

மகன் டிரேவர் சிரித்தான். "மேலே டாடிக்கு நெட் கிடைக்கலையாம், அதான் இங்கே வர்றார். வெறும் சாஃப்ட்வேர் கோளாறு மம்மி. தூக்கிப் போடுங்க அங்கிள்."

நானும் மனைவியைப் பறிகொடுத்தவன். எனக்குச் சுருக்கென்றது.

ஹார்ட் டிஸ்க் கேபிளைப் பிடுங்கினேன். "சாஃப்ட்வேர் எல்லாம் இதுலதான் இருக்கு. இனியும் ஆன் ஆனா, கோளாறு அதுல இல்லை."

காத்திருந்தோம். கோயில் மணி அடித்தது.

யாரும் தொடவில்லை. உள்ளே ஃபேன் சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

"வந்துட்டீங்களா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் மௌரீன். மாத்திரை எடுக்க உள்ளே போனார்.

ஹார்ட் டிஸ்க் இல்லாமலே, போர்டில் பதிந்திருக்கும் செட்டிங்ஸைத் திறந்தேன். தினமும் கோயில் மணி அடிக்கும் ஆறு மணிக்குத் தானாக ஆன் ஆகும்படி வைத்திருந்தது. லாயிடே வைத்துவிட்டுப் போயிருப்பாரோ?

மூலையில் தேதியும் மணியும் சரியாக இருந்தன. மத்தியானம்தான் ஏரியா முழுக்கக் கரண்ட் போயிருந்தது; செத்த பேட்டரியாக இருந்தால் தேதியோடு இந்த செட்டிங்கும் அழிந்திருக்கும்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பளபளவென்று புது பேட்டரி.

நிமிர்ந்தேன். டிரேவர் இப்போது சிரிக்கவில்லை. வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் மெல்ல அசைத்தான்.

மௌரீன் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார். "என்ன அண்ணா, பழுதா?"

"பழுது எதுவும் இல்லைம்மா."

அவர் மாத்திரையை விழுங்கினார்.

அந்த மாதிரி பேட்டரி நாலைந்து வருஷம் வரும்.