காய்ச்சல் ரொட்டி

பேக்கரி ரொட்டியைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார் வேதாசலம். அந்தத் தெருவில் ரொட்டி வாங்கினால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம்.

ஆனால் இது காய்ச்சலுக்கு அல்ல, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்த பலகாரத்துக்கு. பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்து, ரொட்டியை அதில் தோய்த்து நெய்யில் வாட்ட வேண்டும்.

"யார்கிட்டயும் மூச்சு வுடாத. நமக்கு மட்டுந்தான்" என்று மனைவி சரசுவிடம் சொல்லி வைத்தார்.

நெய் வாசனை கிளம்பியதுமே கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஜானி பாஷாவும் அவர் மனைவி வஜீதாவும் நின்றார்கள். வஜீதா கையில் மூடி போட்ட தூக்கு.

"ரொட்டி வாங்கினு வந்தீங்களாமே, யாருக்குண்ணே காய்ச்சல்?" என்றார் ஜானி பாஷா.

"எனக்குத்தாம்பா" என்று முனகியபடி போர்வைக்குள் புகுந்தார் வேதாசலம். தூக்கில் கஞ்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

விவரம் தெரியாத சரசு, சுடச்சுடத் தட்டோடு வந்து நின்றாள்.

"ஐயையோ அண்ணி, காய்ச்சல்காரருக்கு நெய் ஆவாது!" தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார் ஜானி பாஷா.

இருவரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். வேதாசலம் எச்சில் விழுங்கினார். மிச்சத்தை வஜீதா தூக்கில் அள்ளிப் போட்டாள்.

"ஏம்மா, அதுல கஞ்சி இல்லியா?"

"காய்ச்சல் இருந்தாதானேண்ணே கஞ்சி? காலியாத்தான் எடுத்தாந்தேன்."

வாசல்வரை போன ஜானி பாஷா திரும்பினார்.

"அடுத்த தபா காய்ச்சல் வந்தா, நெய் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தச் சொல்லுங்கண்ணே!"