கடைசி வரிசை ரோஜா

"இதுக்குப் பேரு செடியாய்யா? நாலு நாள்ல சாவறத்த இன்னாத்துக்கு விக்கற நீ?"

கேட்டது சசிரேகா இல்லை. ஆனால் அவள் கேட்க வந்தது அதைத்தான். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறியதிலிருந்து அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். தண்டலம் நர்சரியில், காய்ந்து கருவாடாகிப்போன ரோஜாத் தொட்டியோடு கடைக்காரர் எதிரில் நின்றதும், "இங்க வாங்கின செடி செத்துப்போச்சுண்ணா" என்று மட்டும்தான் சொன்னாள்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்திருப்பம்மா" என்று அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். சசிரேகா தொட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

அப்போதுதான், பக்கத்தில் துளசிச் செடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா தொட்டியைப் பிடுங்கிக்கொண்டு அப்படிக் கத்த ஆரம்பித்தாள்.

"பூவக் காட்டி ஊர ஏமாத்தறியா?" முன்வரிசையில் ஒரு செடியை எடுத்து இலையைத் திருப்பினாள். "பாத்துக்கோ கண்ணு. அடியில வெள்ளப்பூச்சி அப்பிக்கினு கீது." இன்னொரு செடியைப் பையோடு தட்டிக் கவிழ்த்தாள். "நல்ல வேருன்னா வெள்ளையா இருக்கணும். இது கறுப்பா அழுகிப்போயி நாறுது."

"யம்மா, பொழப்பக் கெடுக்காத. கெளம்பு."

"கெடுப்பேன்யா. பாடுபட்டு சம்பாதிக்கிற பொண்ணு வயித்துல அடிப்ப, நான் வேடிக்க பாக்கணுமா?"

சசிரேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரகடம் கம்பெனியில் அவள் கான்ட்ராக்ட். பாத்ரூம் போனதற்கு சூப்பர்வைசர் லைனில் எல்லார் எதிரிலும் வைத்துக் கிழித்தபோது, ஒரு ஜீவன்கூட அவளுக்காக வாயைத் திறக்கவில்லை. இங்கே முன்பின் தெரியாத ஒருத்தி தொண்டை கிழியச் சண்டை போடுகிறாள்.

"உங்க பேரு இன்னாக்கா?"

"அம்சவல்லி. குன்றத்தூருதான்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்தாளு கடையில எடுத்தா பின்னால கடைசி வரிசைல எடு. அது ஒண்ணுதான் உருப்படி."

கடைசி வரிசை ரோஜா ஒன்றை, அக்கா செய்து காட்டிய மாதிரியே, வேரைப் பார்க்க சசிரேகா கவிழ்க்கப் போனாள். அக்கா சட்டென்று கையைப் பிடித்தாள்.

"இதக் கவுக்காத. மொட்டு வெச்சிருக்குது, உதுந்துடும்."

சரிதானே என்று சசிரேகாவும் விட்டுவிட்டாள். அக்கா மறுபடி கடைக்காரர் பக்கம் திரும்பி, செத்த செடிக்கு மாற்றுச்செடி சும்மா தரவில்லையென்றால் ரோட்டில் நின்று கத்துவேன் என்றாள். "இன்னிக்கு எவ மூஞ்சில முழிச்சனோ" என்று முனகிக்கொண்டே அவர் அந்த ரோஜாவை எடுத்துக் கொடுத்தார். ஜெயித்த தெம்பில் சசிரேகா அதே வரிசையிலிருந்து மல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று கை கொள்ளாமல் வாங்கினாள்.

வெளியே வந்த பிறகுதான், அக்காவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று உறைத்தது. கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை வறண்டிருக்கும். வாசலோரம் கரும்புச்சாறு வண்டியில் செடிகளை வைத்துவிட்டு, ஐஸ் போடாமல் ஒரு டம்ளர் சாறு வாங்கிக்கொண்டு திரும்பினாள். இனிமேல் சூப்பர்வைசர் கத்தினால் நாமும் இப்படித்தான் திருப்பிக் கேட்கணும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

உள்ளே நுழையும்போது பச்சை வலைக்கு அந்தப்பக்கம் கடைக்காரர் குரல் கேட்டது. அதில் கோபம் துளிகூட இல்லை.

"அம்சா, டீய அப்பறம் குடி. கார் ஒண்ணு வந்து நிக்குது, கத்த ஆரம்பி."